நாலு அங்குலத் தறி

கானா நாட்டில், குமாசி நகரத்துக்குப் பக்கத்தில் போன்விரே என்று ஓர் ஊர். அசாந்தி மக்களின் கென்டே துணிக்குப் பேர்போன ஊர். சிலந்தி வலை பின்னுவதைப் பார்த்துத்தான் நெசவு கற்றோம் என்று அங்கே கதை சொல்வார்கள். எவே மக்களும் கென்டே நெய்கிறார்கள்.

நெசவு சொல்லித்தருகிறவன் நான். எனக்கு ஆசையெல்லாம் கென்டே தறி மேல்தான். அதில் நெய்யும் துணியின் அகலம் எவ்வளவு தெரியுமா? சுமார் 4 அங்குலம். அரைச் சாண்! நீளப் பட்டையாக நெய்து, வெட்டி, பக்கம் பக்கமாக வைத்துத் தைக்கிறார்கள். ஆண்கள் போர்த்தும் பெரிய துணிக்கு இருபதுக்கும் மேலே பட்டைகள் வேண்டும். நூல்களைத் தூக்கும் விழுதை ஏற்றி இறக்கும் கயிற்றைக் கால்விரல் இடுக்கில் பிடித்துக்கொள்வார் நெசவாளர். நீளவாட்டு நூலான பாவு எதிரே நெடுந்தூரம் நீண்டு கிடக்கும். அதன் கோடியில் பாரம் ஏற்றியிருப்பார்கள். நெய்ய நெய்ய அந்தப் பாரம் தரையில் ஊர்ந்து வரும்.

ஒவ்வொரு பட்டையிலும் பாவு தெரியும் கட்டம் ஒன்று, குறுக்கு நூலான ஊடை பாவை மூடிவிடும் கட்டம் ஒன்று. தைக்கும்போது இவை பிசகாமல் பக்கத்தில் பக்கம் உட்கார வேண்டும். என் மாணவர்களிடம் செய்து பார்க்கச் சொன்னேன். ஒரு பையன் காலையில் ஊடையை அடித்த அடி வேறு, சாப்பிட்டுவிட்டு வந்து அடித்த அடி வேறு. தைத்தால் கட்டமெல்லாம் சறுக்கி நிற்கிறது! “முழுத் துணியப் பாக்காம எப்படி சார் நெய்யறது?” என்றான். நியாயமான கேள்விதானே, நேயர்களே? போன்விரேக்காரர் முழுத் துணியையும் மனசுக்குள் விரித்து வைத்துக்கொண்டுதான் அந்த நாலு அங்குலத்தை நெய்கிறார்.

கென்டே ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கானாவின் தலைவர் குவாமே நிக்ருமா எகிப்துப் பெண் ஃபாத்தியாவை மணந்தபின், ‘நிக்ருமாவுக்கு ஏற்றவள் ஃபாத்தியா’ என்றொரு துணி வந்தது. 1966இல் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. துணி அதேதான், பெயர் மட்டும் ‘ஒற்றை ஆள் நாட்டை ஆள முடியாது’ என்று மாறியது. அதைப் போர்த்திக்கொண்டு போனால் போதும், அரசியல் பேச வாய் திறக்க வேண்டாம்!

2024இல் யுனெஸ்கோ கென்டே நெசவைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இயந்திரத்தில் அச்சடித்த போலிகள் சந்தையில் மலிந்துவிட்டன. கென்டே கண்ணில் பட்டால் பட்டைகளை இணைத்த தையல் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். அப்படிப் பார்த்து வாங்குகிறவர்கள் பெருகினால், கைநெசவாளருக்கும் கூலி கட்டுப்படியாகும்.