ஃபேர்லைட் எழுத்துக் கூட்டின கதை

எனக்கு மைக்கில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். "அந்தக் கதையைப் பத்திப் பேசு"ன்னு எங்க ஊக்குநர் அக்கா சொன்னதால வந்து நிக்கிறேன்.

எங்க தெருவில் ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருத்தர் இருக்காங்க. அவங்களிடம் 'கிறிஸ்டி' என்று ஒரு தடிமனான இங்கிலீஷ் நாவல் உண்டு. எழுதியவர் கேத்தரின் மார்ஷல், வெளிவந்த வருஷம் 1967. வாரக் கூட்டத்தில் சேமிப்பு கட்டி, நோட்டை மூடின பிறகு, டீச்சரம்மா புத்தகத்தைப் பார்த்து அரை மணி நேரம் தமிழில் கதை சொல்வாங்க. "மதம் மாத்துற புத்தகமா?"ன்னு என் மாமியார் கேட்டாங்க. சாமி பேச்சு நிறைய வரும், இல்லேன்னு சொல்ல மாட்டேன். அது கிறிஸ்தவர் எழுதின கதை. ஆனா எங்களைப் பாயை விட்டு எழுந்திருக்க விடாதது அந்த மலை ஜனங்களோட பாடுதான்.

கதை நடப்பது அமெரிக்காவில், டென்னசி மலைப்பக்கம், 1912-ல். கிறிஸ்டிக்குப் பத்தொன்பது வயசு, வசதியான வீட்டுப் பொண்ணு. ஜனவரி மாசப் பனியில் ரயிலை விட்டு இறங்கி, தபால்காரர் பின்னாடி ஏழு மைல் நடந்து, மலைக்குள்ள இருக்கிற ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போறாள். ஒரே ரூம், 67 பிள்ளைங்க. எழுதினவரோட அம்மா நிஜமாகவே கல்யாணத்துக்கு முன்னாடி அப்படி ஒரு மலைப் பள்ளியில் பாடம் நடத்தினவங்க. அதை வச்சுத்தான் கதை.

பிள்ளைகள் மேல அடிக்கிற வாடை கிறிஸ்டிக்குத் தாங்கவில்லை. அந்த இடத்தில் எனக்கு அவள் மேல கோபம் வந்தது. குளிர்காலத்தில் மாத்துத்துணி இல்லாத வீட்டுப் பிள்ளை எப்படி மணக்கும்? அந்த ஜனங்களோட முன்னோர் ஸ்காட்லாந்து, அயர்லாந்திலிருந்து வந்து மலையில் குடியேறினவங்களாம். பழைய பாட்டெல்லாம் மனப்பாடம். ஆனா ரோடு இல்லை, எழுத்து இல்லை, குடும்பத்துக்குக் குடும்பம் பகை.

அங்கே ஓப்பல் என்று ஒரு சின்னப் பொண்ணு. அவள் கைக்குழந்தைக்கு "ஈரல் ஒட்டிக்கிச்சு"ன்னு சொல்றாங்க. ஒரு கையையும் எதிர்ப்பக்கக் குதிகாலையும் இழுத்து ஒண்ணா சேர்த்தால் சரியாயிடும் என்பது அங்கத்து வைத்தியம். பிஞ்சு உடம்பு. குழந்தை செத்துப்போகுது.

அன்னைக்கு நான் எழுந்து வெளியே போயிட்டேன். ஏன்னு யாரிடமும் சொல்லலை, இப்போ சொல்றேன். என் மூத்த பொண்ணு மூணு மாசக் குழந்தையா இருந்தப்போ ஓயாம அழுதாள். உரம் விழுந்திருக்குன்னு சேலையில் போட்டு ரெண்டு பேர் பிடிச்சு உருட்டினாங்க. ரெண்டு நாள். நானும் ஒரு முனையைப் பிடிச்சேன். மூணாம் நாள் ஆஸ்பத்திரியில் பார்த்தால் நெஞ்சுச் சளி முத்திப் போயிருந்தது. பிழைச்சுட்டாள், இப்போ ஒன்பதாவது படிக்கிறாள். ஓப்பலுக்கு அந்த மூணாம் நாள் கிடைக்கலை. அவளுக்கும் எனக்கும் வித்தியாசம் புத்தியில் இல்லை, பஸ் இருந்ததில்தான்.

காதலும் உண்டு, கவலைப்படாதீங்க! பாதிரியார் ஒருத்தர், டாக்டர் ஒருத்தர், ரெண்டு பேருக்கும் கிறிஸ்டி மேல விருப்பம். எங்க குழுவே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சுது. நான் டாக்டர் கட்சி. முடிவைச் சொல்ல மாட்டேன்.

எனக்கு மனசுல நிக்கிறவள் ஃபேர்லைட். பிள்ளை குட்டிக்காரி. மரக்கட்டை வீடு. அவள் கிறிஸ்டியிடம் காசு கேட்கலை, துணி கேட்கலை. படிக்கக் கத்துக்கொடுன்னு கேட்கிறாள். பைபிளை வச்சுக்கிட்டு எழுத்து எழுத்தாகக் கூட்டுறாள். கொஞ்ச நாளில் அவள் கிறிஸ்டிக்குத் தோழி. யார் யாருக்கு டீச்சர்னு தெரியாத மாதிரி ஆயிடும்.

அப்புறம் மலையில் டைஃபாய்டு வருது. கெட்ட தண்ணி, ஈ, திறந்த கக்கூஸ், நமக்குத் தெரிஞ்ச கதைதான். அதைக் கொல்ற மருந்து வந்ததே 1948-ல். அப்போ என்ன செய்வாங்க? தண்ணியில் துடைக்கணும், பக்கத்தில் உட்காரணும், வேண்டிக்கணும். ஃபேர்லைட் அதில் போயிடுறாள். இவ்வளவு கஷ்டப்பட்டு எழுத்துப் படிச்சு என்ன கண்டாள்னு ஒருத்தி சத்தமாவே அழுதாள். டீச்சரம்மா புத்தகத்தை மூடிட்டு ஒண்ணும் சொல்லலை. எங்களுக்கும் பதில் வரலை.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டாங்க, "அவ பேரை அவளே எழுதிட்டாளா, சாகறதுக்கு முன்னாடி?" "எழுதினா, படிக்கவும் செஞ்சா"ன்னேன். அவங்களும் நம்ம குழு உறுப்பினர்தான். பதினோரு வருஷமா தீர்மான நோட்டில் கைநாட்டு. மறுநாள் சாயங்காலம் பேத்தியோட பழைய சிலேட்டை எடுத்துட்டு வந்து என் முன்னாடி உட்கார்ந்தாங்க.

போன மாசத் தீர்மானத்தில் அவங்க பேரை அவங்களே எழுதினாங்க. 'ள' மட்டும் இன்னும் கோணலா விழுது. பக்கத்தில் நம்ம கணக்காளர் மை டப்பாவைத் திறந்து வச்சிருந்தாங்க, மூட மறந்துட்டாங்க.

டீச்சரம்மா மறுபடி முதல்லேர்ந்து சொல்லப் போறாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு மணி, எங்க வீட்டுத் திண்ணை. பக்கத்து ஊர்க் குழுக்காரங்களும் வரலாம்.