சரிவு நிலத்தில் மேட்டுப்பாத்தி



சென்னை மூலக்கொத்தளம் பக்கம் கொல்லையில் ஒருவர் பாத்தியை உயர்த்துகிறார் என்றால், ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகாமல் இருக்கத்தான். நீலகிரியில் நிலைமை வேறு. அங்கே ஓடுகிற தண்ணீர்தான் தொல்லை. மேல்மண்ணையும் நீங்கள் போட்ட எருவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

உருளைக்கிழங்கு, காரட் போடுகிறவர்கள் பலர் மேலிருந்து கீழாகவே பாத்தி பிடிக்கிறார்கள். "தண்ணி வடியலேன்னா கிழங்கு அழுகிடுமே சார்" என்கிறார்கள். நியாயந்தான். தண்ணீர் வடியவும் வேண்டும், மண் நிற்கவும் வேண்டும். இரண்டுக்கும் வழி உண்டு.

முதலில் சரிவை அளந்து பாருங்கள். 10 அடிக் கழியின் ஒரு முனையை மேட்டில் வைத்து, கழியை மட்டமாகப் பிடியுங்கள். மறுமுனை தரையிலிருந்து 2 அடி உயரத்தில் நின்றால் சரிவு 20 சதவீதம். உயரம் 3 அடி 4 அங்குலத்தைத் தாண்டினால் அங்கே வெட்டவே வேண்டாம். மரமோ புல்லோ இருக்கட்டும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறக்கக்கூடாது.

அடுத்து, சரிவுக்குக் குறுக்கே சமமட்டக் கோடு போடுங்கள். இரண்டு கழிகளை 'ஏ' வடிவில் கட்டி, நடுவில் குறுக்குக் கழி வைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிட்டால் போதும். கயிறு குறுக்குக் கழியின் நடுவில் நிற்கிற இடமெல்லாம் ஒரே மட்டம்.

20 சதவீதச் சரிவில் 4 அடி அகலப் பாத்திக்கு மேல்பக்கம் 5 அங்குலம் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் 5 அங்குலம் நிரப்பினால் மட்டமாகிவிடும். கீழ்ப்பாத்தியிலிருந்து தொடங்குங்கள். அதன் மேல்மண்ணை வழித்துத் தனியே வையுங்கள். அடுத்த பாத்தியின் மேல்மண்ணை இதன்மேல் பரப்பலாம். ஒதுக்கிவைத்தது கடைசியில் உச்சிப் பாத்திக்கு உதவும்.

பாத்தி உள்பக்கமாக ஓர் அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். அந்த உள் ஓரத்தில் சிறு வாய்க்கால் எடுத்து, 100 அடிக்கு 1 அடி வாட்டம் கொடுத்து, புல் முளைத்த ஓடையில் சேருங்கள். வெளி ஓரத்தில் கல்லடுக்கு. அடிக்கல் அரை அடி மண்ணுக்குள் இருக்க வேண்டும். கல்லுக்குப் பின்னால் சல்லி போட வேண்டும். விளிம்பில் வெட்டிவேர் நடுங்கள். உச்சிப் பாத்திக்கு மேலே ஒரு தடுப்பு வாய்க்காலும் அவசியம்.

ஆரம்பத்தில் நான் ஒரு தோட்டத்தில் சிமெண்டு பூசி அழகாகச் சுவர் எழுப்பிக் கொடுத்தேன். தண்ணீர் வெளியேற ஓட்டை விடவில்லை. ஒரே ராத்திரி மழையில் சுவர் சாய்ந்து, மூன்று பாத்தி மண் ஓடைக்குப் போயிற்று. "மண்ணைத்தானே தடுக்கணும், தண்ணியை ஏன் சார் தடுத்தீங்க?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். நான் படித்த படிப்பில் இல்லாத பாடம் அது.

உதகமண்டலத்தில் 1954 முதல் மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அங்கேயோ உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ கேளுங்கள். தை, மாசியில் வேலையை முடித்துவிடுங்கள். ஆனி மழை வரும்போது உங்கள் மண் உங்கள் நிலத்திலேயே இருக்கட்டும்.