எழுதுகிறவருக்கு நேரம் கொடுத்தவர் யார்?



இந்த நூலகத்து வாசகர் வட்டத்தில் பேச 'வேலை, குடும்பம், எழுத்து' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். மூன்றையும் எப்படிச் சமாளிப்பது என்று நான் வழி சொல்வேன் என எதிர்பார்க்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்தத் தலைப்புக்குள் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்டுவிடுகிறேன்.

தமிழில் கதை எழுதி மட்டும் குடும்பம் நடத்தியவர்கள் மிகச் சிலர். தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியர், பிறகு வானொலி ஊழியர். சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. வண்ணதாசன் வங்கிக்குப் போனார். நாஞ்சில் நாடன் மும்பையில் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பணியில் ஊர் ஊராக அலைந்தார். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. தோப்பில் முகமது மீரானுக்கு மிளகாய் வத்தல் வியாபாரம். இமையம் அரசுப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். நாம் கொண்டாடுகிற படைப்புகளில் பெரும்பாலானவை பகலெல்லாம் வேறு வேலை பார்த்துக் களைத்தவர்கள் எழுதியவை.

ஏன் அப்படி? கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 ரூபாய் விலையுள்ள ஒரு நாவல் 500 படிகள் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பத்து என்று உரிமைத்தொகை கொடுத்தால் கைக்கு வருவது 20,000 ரூபாய். மூன்று வருடம் உட்கார்ந்து எழுதியதற்கு அதுதான் கூலி. ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குக்கூடப் பல ஊர்களில் அது காணாது. அசோகமித்திரன் 1966-இல் ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்டு வந்து எழுத்தையே நம்பி வாழ்ந்தார். அந்த வாழ்க்கை எவ்வளவு நெருக்கடியானது என்று அவரே எழுதியிருக்கிறார். இங்கே இருக்கிற இளைஞர்கள் யாராவது வேலையை விட்டுவிட்டு எழுதப்போகிறேன் என்றால், தயவுசெய்து விடாதீர்கள். வேலை உங்கள் எழுத்துக்கு எதிரி இல்லை. மாதச் சம்பளம் வருகிறவர், பத்திரிகை கேட்கிறது என்பதற்காக அவசரக் கதை எழுத வேண்டியதில்லை. அது பெரிய சுதந்திரம்.

சரி, காலையில் வேலைக்குப் போய் இரவில் எழுதினார்கள். அந்த இரவு யாருடையது? இதுதான் என் கேள்வி.

வேலை முடிந்து வந்தவர் மேசை முன்னால் உட்கார்ந்தபோது, குழந்தைக்குச் சோறு ஊட்டியது யார்? காய்ச்சலில் கிடந்த மாமியாருக்கு வெந்நீர் வைத்தது யார்? ரேஷன் கடை வரிசையில் நின்றது யார்? நம் புத்தகங்களின் முன்னுரைகளைப் புரட்டுங்கள். பதிப்பாளருக்கு நன்றி, மெய்ப்புப் பார்த்தவருக்கு நன்றி, அட்டை வரைந்தவருக்கு நன்றி, எல்லாம் சொல்லி முடித்த பிறகு கடைசி வரியில் நிற்பார் மனைவி. இருபது வருட மாலைப் பொழுதுகளைக் கொடுத்தவருக்கு அரை வரி. பல முன்னுரைகளில் அவருக்குப் பெயர்கூட இருக்காது.

இப்போது எழுதுகிற பெண்ணின் பக்கம் வாருங்கள். அவளுக்கு அந்தக் கடைசி வரி ஆள் யார்?

வை. மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஐந்து வயதில் திருமணம். பள்ளிக்கூடம் போனதில்லை. கதை மனத்தில் ஊறுகிறது, கை எழுதப் பழகவில்லை. பட்டம்மாள் என்ற தோழி பக்கத்தில் உட்கார்ந்து, இவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தார். 'இந்திர மோகனா' நாடகம் அப்படித்தான் 1924-இல் வந்தது. கணவர் பார்த்தசாரதி தடுக்கவில்லை, ஊக்கம் கொடுத்தார். அடுத்த ஆண்டே 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கியவர், வாழ்நாளில் 115 நாவல்கள் எழுதினார். ஒரு தோழியும் ஒரு கணவரும் தள்ளி நிற்காமல் பக்கத்தில் நின்றதால் தமிழுக்குக் கிடைத்த எண்ணிக்கை அது.

அந்தத் துணை இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் சாட்சி இருக்கிறது. துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மா புகுந்த வீட்டில் எழுதக்கூடாது என்ற நிலை. இரவில் எல்லாரும் உறங்கிய பிறகு கழிவறைக்குள் போய் நின்று கவிதை எழுதினார். எழுதிய தாளை ஒளித்து வைத்தார். அது வெளியே போய்ச் சேர அவருடைய அம்மா உதவினார். சல்மா என்பதே மறைந்து எழுதுவதற்காக வைத்துக்கொண்ட பெயர். 2004-இல் அவருடைய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல் வந்தபோது வியந்து பாராட்டினோம். பாராட்டியது சரி. ஆனால் ஓர் எழுத்தாளர் கழிவறையில் நின்று எழுத நேர்ந்ததை வீரக்கதையாக மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படி ஒளிந்து எழுதி, வெளியே வராமலே போன பெண்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

என் வீட்டு ஏற்பாட்டைச் சொல்கிறேன். நான் பள்ளி ஆசிரியை. கூட்டுக் குடும்பம். காலைச் சமையல் முழுக்க என் ஓர்ப்படியின் பொறுப்பு. இரவுச் சமையலும் எங்கள் இருவருடைய பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் என் பொறுப்பு. இதை நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தோம். பால்காரர் மணி அடிப்பதற்கு முன்னால் எழுந்து மாடி அறைக்குப் போய்விடுவேன். பிள்ளைகள் யாராவது படியேறினால், "சித்தி எழுதுறாங்க, கீழ வா" என்று அவளுடைய குரல் கேட்கும். சீருடைக்கு இஸ்திரி போட்டாச்சா, டிபன் பாக்ஸ் மூடி எங்கே, இந்தக் கேள்விகள் எதுவும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் மாடிக்கு வராது. என் கணவர் முதலில் தயங்கினார். இப்போது மாவு அரைப்பதும் துணி மடிப்பதும் அவருடைய வேலை. இதைத் தியாகம் என்று நான் சொல்லமாட்டேன். இது கொடுக்கல் வாங்கல். அவள் தையல் வகுப்புக்குப் போகிற மூன்று மாலைகளில் அவள் பிள்ளைகள் என்னிடம்.

எழுத வருகிற தங்கைகளுக்கு ஒரு தொழில் விஷயம். "நேரம் கிடைக்கும்போது எழுதிக்கொள்கிறேன்" என்று வீட்டில் சொல்லாதீர்கள். கிடைக்காது. இன்ன நேரம் என்று குறித்துக் கேளுங்கள். சிறுகதையை நாலு நாள் விட்டுவிட்டு எடுத்தாலும் பிடித்துவிடலாம். நாவல் அப்படி இல்லை. ஒரு வாரம் தொடாவிட்டால் பாத்திரங்களின் பேச்சே காதில் விழாது. எழுதியதைத் திரும்பப் படித்து உள்ளே போவதற்கே இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். நம் பெண்களில் பலர் கவிதையோடும் சிறுகதையோடும் நின்றுபோனதற்குத் துண்டு துண்டாகக் கிடைத்த நேரம் முக்கியமான காரணம் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் தினமும் எழுதுங்கள். அரைப் பக்கம் போதும். ஒரு காட்சி முடிந்த இடத்தில் நிறுத்தாதீர்கள், பாதிப் பேச்சில் நிறுத்துங்கள். மறுநாள் எங்கே தொடங்குவது என்று திகைக்க வேண்டியிருக்காது.

மேசை மட்டும் போதாது, வாசலையும் தாண்ட வேண்டும். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை நேரில் கண்டு பேசித்தான் 'கரிப்பு மணிகள்' எழுதினார். பதினைந்து வயதில் திருமணமாகி வீட்டுக்குள் வந்தவர் அவர். ஒரு பெண் நாவலுக்காக நாலு நாள் வெளியூர் போய் வருகிறேன் என்றால் நம் வீடுகளில் இன்றைக்கும் எத்தனை கேள்வி!

அதனால் இந்த அவையில் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது எழுதுகிறார்கள் என்றால், மனைவியோ மகளோ மருமகளோ, இன்று இரவே அவரைக் கேளுங்கள்: "உனக்கு எந்த நேரம் வேண்டும்?" அவர் சொல்கிற நேரத்தின் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் எழுத்தாளர்களே, உங்களுக்கு அந்த நேரத்தைக் கொடுத்தவருக்கு அதைத் திருப்பிக் கொடுங்கள். அவர் எழுத வேண்டும் என்பதுகூட இல்லை. தூங்கட்டும், கோயிலுக்குப் போகட்டும், சும்மா உட்கார்ந்திருக்கட்டும்.

நூலகர் ஐயா, அடுத்தது உங்களுக்கு. இந்த நூலகத்து மாடியில் பழைய நாளிதழ்க் கட்டுகள் அடுக்கிய ஓர் அறை இருக்கிறது. ஒரு மேசை, நான்கு நாற்காலி, ஒரு மின்விசிறி போதும். வீட்டில் இடமில்லாத பெண்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து எழுத அந்த அறையைத் திறந்துவிடுங்கள். கட்டுகளை இறக்கிவைக்க வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் வருவார்கள், நானும் வருகிறேன்.