யாரைக் கேட்டார்கள்?

(பரிசளிப்பு விழாவில் தோட்டப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கம்ப்யூட்டர், ரோபோ என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் பேசப்போவது நம்ம பத்து காஜாவுக்குப் பக்கத்திலே இருக்கிற பாப்பான், புக்கிட் மேரா என்ற இரண்டு ஊர்களைப் பற்றி.

ஈயலம்பம் ஓடிய காலத்தை உங்கள் தாத்தாமார் அறிவார்கள். ஈயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் கனமான மணலை அமாங் என்பார்கள். அதிலுள்ள மோனசைட் போன்ற தாதுக்களில் அருமண் தனிமங்கள் உண்டு. கலர் டிவியில் சிவப்பு நிறம் தெளிவாகத் தெரிய இட்ரியம் என்ற அருமண் பயன்பட்டது. இன்று உங்கள் கைப்பேசிக்குள்ளும் அருமண் இருக்கிறது.

இதை எடுக்கத்தான் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் பங்கு போட்டு, ஏசியன் ரேர் எர்த் கம்பெனி 1979இல் உருவானது. 1982இல் புக்கிட் மேராவில் ஆலை ஓடியது. வேலை கிடைத்தது, வருமானம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அருமண்ணை எடுத்தால் தோரியம் கழிவாக மிஞ்சும். அது கதிர் வீசும் பொருள். பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். கணக்குப் பாடத்தில்கூட இவ்வளவு பெரிய எண்ணை நான் கொடுத்ததில்லை!

அந்தக் கழிவைப் பாப்பானில் கொட்ட ஏற்பாடானது. 1984இல் ஊர்மக்கள், சீனர், இந்தியர், மலாய்க்காரர் என்று பாராமல் எதிர்த்து நின்றார்கள். இடம் கிளேடாங் மலைப்பக்கம் மாற்றப்பட்டது. 1985இல் புக்கிட் மேரா மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். பிள்ளைகளின் நோய்க்கு ஆலைதான் காரணம் என்றார்கள்; கம்பெனி மறுத்தது. 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொல்ல, 1993இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994இல் கம்பெனி தானே மூடிக்கொண்டது. சுத்தம் செய்யும் வேலையோ அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நடந்தது.

இன்று பெரிய தொழில்நுட்பக் கம்பெனிகள் கட்டம் போட்டு வரைகின்றன. ஒரு பக்கம் கம்பெனிக்கு எது முக்கியம், மறுபக்கம் சம்பந்தப்பட்டவர்களுக்கு எது முக்கியம். இரண்டிலும் மேலே வருவதை முதலில் கவனிப்பார்களாம். நம் நாட்டுப் பங்குச் சந்தையும் 2015இல் இப்படிப்பட்ட அறிக்கைக்கு விதி கொண்டுவந்தது. நல்ல காரியந்தான். ஆனால் 'சம்பந்தப்பட்டவர்' யார்? பங்குதாரர், வாடிக்கையாளர், அரசாங்கம் எல்லாருக்கும் கேள்வித்தாள் போகும். வேலியோரம் குடியிருக்கிறவனுக்குப் போகுமா? பாப்பான் மக்கள் ரோட்டுக்கு வந்த பிறகுதானே அவர்கள் பேச்சு காதில் விழுந்தது! குழி வெட்டிய பிறகு கூட்டம் போட்டு விளக்கம் சொல்வதைக் கேட்பது என்று சொல்ல முடியுமா?

போன மாதம் ஆறாம் ஆண்டு வகுப்பில், "நம் தோட்டத்துக்கு ஓர் ஆலை வந்தால் யாரையெல்லாம் கேட்க வேண்டும்?" என்று எழுதச் சொன்னேன். பலர் மந்திரி, மேனேஜர் என்று தொடங்கினார்கள். ஒரு பெண் மட்டும், "ஆற்றோரம் மாடு மேய்க்கிற தாத்தாவை முதலில் கேளுங்க சார், தண்ணி நிறம் மாறினா அவருக்குத்தான் மொதல்ல தெரியும்" என்று எழுதியிருந்தாள். அந்தப் பிள்ளை இன்று பரிசு வாங்குகிறவர்களில் இல்லை. அதனால்தான் இங்கே சொன்னேன்.