மினிட்ஸ் புத்தகத்தில் இல்லாதவை



தலைமை உரை என்றால் கல்வியின் மேன்மையில் ஆரம்பித்து, ஆசிரியர் ஒரு மெழுகுவர்த்தி என்று முடிப்பது நம் வழக்கம். மெழுகுவர்த்தியை இன்று விட்டுவிடுகிறேன். கல்வியியல் கல்லூரி நிர்வாகத்தில் ஆசிரியருக்கு என்ன இடம் என்பதைப் பேசக் கூடியிருக்கிறோம். அந்த இடத்தைத் தேடுகிறவர் முதலில் புரட்ட வேண்டியது மினிட்ஸ் புத்தகத்தை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில், தரமதிப்பீட்டுக்கு நாக் குழு வருவதற்கு முந்தைய வாரம். ஆசிரியர் ஓய்வறை மேசையில் ஐந்து புது நோட்டுகள், பிரவுன் அட்டை போட்டு லேபிள் ஒட்டி. குறைதீர் குழு, நூலகக் குழு, ராகிங் தடுப்புக் குழு, சேர்க்கைக் குழு, உள்தர உறுதிக் குழு. மூன்று வருடத்துக் கூட்டங்கள் இரண்டு மாலைகளில் நடந்து முடிந்தன. கையெழுத்து நன்றாக இருக்கும் தமிழ்ப் பேராசிரியை எழுதினார். "எல்லாம் ஒரே மையில் இருக்கு மேடம், பேனாவை மாத்துங்க" என்று ஒருவர் நினைவூட்டினார். ஒரு கூட்டம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்துவிட்டது. பழைய காலண்டரைத் தேடி எடுத்துத் தேதியைத் திருத்தினோம். திருத்தினோம் என்றுதான் சொல்கிறேன், நானும் கையெழுத்துப் போட்டவன். தீர்மானங்கள் அத்தனையும் ஒருமனதாக நிறைவேறியிருந்தன. நடக்காத கூட்டத்தில் மறுத்துப் பேச யார் இருக்கிறார்கள்?

அடுத்த நாள் காலை முதல் வகுப்பில் அதே தமிழ்ப் பேராசிரியை ஜான் டூயியைப் பற்றிப் பாடம் எடுத்தார். நூல், 'ஜனநாயகமும் கல்வியும்'.

சோம்பல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கணக்கைப் பாருங்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 ஒழுங்குமுறைப்படி ஆண்டுக்கு 100 பேரைச் சேர்க்கும் பி.எட். கல்லூரிக்கு முதல்வரையும் சேர்த்து 16 ஆசிரியர்கள். கலை அறிவியல் கல்லூரிக்கு என்னென்ன குழுக்கள் கேட்கப்படுகின்றனவோ, ஏறக்குறைய அத்தனையும் இந்தப் பதினாறு பேரிடமும் கேட்கப்படுகின்றன. ஒருவரே ஆறு குழுவில் இருப்பார். குறை சொல்பவரும் அவரே, குறைதீர் குழு உறுப்பினரும் அவரே. இதுவும் பதினாறு பேர் உண்மையிலேயே இருந்தால். பட்டியலில் பதினாறு பெயர், ஓய்வறையில் ஒன்பது நாற்காலி என்ற நிலையை இங்கே பலரும் அறிவீர்கள். அசல் சான்றிதழை அலுவலக பீரோவில் பூட்டக் கொடுத்துவிட்டுத் தொகுப்பூதியத்துக்கு வேலை செய்பவர் கூட்டத்தில் வாய் திறப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பேசாமல் இருப்பதன் விலை என்ன? எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பி.எட். இரண்டாண்டுப் படிப்பான பிறகு, இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிப் பயிற்சி. ஒரு கல்லூரியில் அது நவம்பர் முதல் வாரம் தொடங்கும் என்று சுற்றறிக்கை வந்தது. யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எந்தக் கற்பித்தல் முறை ஆசிரியரும் சொல்லியிருப்பார்: டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, பிறகு விடுமுறை, பொங்கல், அதற்கப்புறம் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் திருப்புதல் தேர்வு. பள்ளித் தலைமையாசிரியர் பயிற்சிக்குப் போன மாணவர்களை அன்பாகத்தான் வரவேற்றார். லீவு போட்ட ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளவும், விடைத்தாளில் மதிப்பெண் கூட்டவும் ஆள் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? நாற்பது பாடக் குறிப்பு எழுதிக் கொண்டுபோன ஒரு பெண், ஒன்பது பாடம் நடத்தித் திரும்பி வந்தார். அவருடைய ரிக்கார்டில் நாற்பதுக்கும் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. பொய்க் குறிப்பு எழுதும் கலை ஆசிரியரிடமிருந்து மாணவருக்குப் போய்ச் சேர்வது இப்படித்தான்.

பல்கலைக்கழக மட்டத்துக்கு வருகிறேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் பல்கலைக்கழகத்தோடும் ஒட்டாமல், பள்ளியோடும் ஒட்டாமல், ஒன்றோடொன்றும் ஒட்டாமல் தனித்துக் கிடக்கின்றன என்பது 1964–66இன் கோத்தாரிக் குழு சொன்ன குறை. 2008இல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் வந்தது. வெவ்வேறு பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்த கல்லூரிகள் ஒரே குடையின் கீழ் வந்தன. ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு. அதனால் ஒழுங்கு கூடியதை மறுக்க மாட்டேன். ஆனால் இயற்பியல்காரரும் வரலாற்றுக்காரரும் உட்காரும் கல்விக்குழுவில் நமக்கு இருந்த நாற்காலியும் போயிற்று. கோத்தாரி சொன்ன மூன்று தனிமைகளில் கடைசியானது மட்டும் கொஞ்சம் குறைந்தது என்பது என் கணிப்பு. இப்போது தேசியக் கல்விக் கொள்கை 2020, தனித்து நடக்கும் கல்வியியல் கல்லூரிகள் 2030க்குள் பல்துறை நிறுவனங்களாக மாற வேண்டும் என்கிறது. அது நடந்தால் கல்வியியல், ஒரு பெரிய கல்லூரியின் பல துறைகளில் ஒன்றாகும். அங்கே நம் பாடத்தை யார் தீர்மானிப்பார்கள் என்பதை இன்றே பேசாவிட்டால், நாளை அதற்கும் ஒரு சுற்றறிக்கைதான் வரும்.

அப்படிப் பேச நமக்கு உரிமை உண்டா? யுனெஸ்கோ 1997இல் ஏற்ற பரிந்துரை, உயர்கல்வி ஆசிரியர்களுக்கு ஆட்சிக் குழுக்களில் பங்கேற்கவும், நிறுவனம் நடக்கும் விதத்தை விமர்சிக்கவும் உரிமை உண்டு என்கிறது. அது சட்டமில்லை, பரிந்துரைதான். இங்கே இருக்கும் கல்லூரிச் செயலர்கள் கவலைப்பட வேண்டாம்.

செயலர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. "சம்பளம் கொடுக்கும் பொறுப்பு எங்களுக்கு, முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கா?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். கட்டடமும் கணக்கும் உங்களுடையவை ஐயா. பயிற்சி எப்போது, எந்தப் பள்ளியில், எப்படி மதிப்பிடுவது, புதிதாக வருகிறவருக்குப் பாடம் தெரியுமா என்பதெல்லாம் எங்களுடையவை என்றேன். நம் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். நான்கு மணிக்குக் கூட்டம் வைத்தால் நான்கரைக்குப் பஸ் என்று எழுந்து போகிறவர்கள் நாம்தான். மறுநாள் வராண்டாவில் நின்று, நிர்வாகம் நம்மைக் கேட்பதே இல்லை என்று சொல்கிறவர்களும் நாமே.

இரண்டு நாள் அமர்வுகளின் முடிவில் தீர்மானங்கள் எழுதப்படும். அமைப்பாளர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 'ஒருமனதாக' என்ற சொல்லை முன்கூட்டியே தட்டச்சு செய்து வைக்காதீர்கள். மறுத்துப் பேசுகிறவரின் பெயரையும் அவர் சொன்ன காரணத்தையும் இரண்டு வரியாவது எழுதுங்கள். படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள். முதலில் என் தலைமை உரைக்கு மறுப்பு இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம். தேநீருக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.