கரண்ட் வண்டியை வாட்டர் வாஷ் விடலாமா?

இந்த எபிசோட் எலெக்ட்ரிக் கார் வாங்கினவங்களுக்கு மட்டும் இல்ல. அந்த வண்டியைக் கழுவிக் கொடுக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான்.

எங்க உத்திரமேரூர் பக்கம் வாட்டர் வாஷ் கடை வச்சிருக்கிற தம்பிங்க கிட்டப் பேசும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "அண்ணா, பச்சை நம்பர் பிளேட் வண்டி வந்தா எடுக்கலாமா? ஷாக் அடிச்சா யாரு பதில் சொல்றது? பேட்டரி போயிடுச்சுன்னு சொல்லி நம்ம தலையில கட்டினா என்ன பண்றது?" சில பேர் வம்பே வேணாம்னு வண்டியைத் திருப்பி அனுப்பிடறாங்க. இங்க இருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எல்லாம் பக்கம்தான். இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் ஆலை இருக்கு. அங்க செய்யற கிரெட்டா எலெக்ட்ரிக் 2025 ஜனவரில விற்பனைக்கு வந்துச்சு. இனிமே இந்த வண்டி வருஷத்துக்கு வருஷம் கூடத்தான் போகுது. திருப்பி அனுப்பிக்கிட்டே இருந்தா கடை நடக்காது. அதனால இதைப் பயம் இல்லாம, ஆனா கவனமா எப்படிச் செய்யறதுன்னு பார்ப்போம்.

முதல்ல அந்த ஷாக் விஷயம்.

வீட்டுல வயரைத் தொட்டா ஏன் ஷாக் அடிக்குது? வீட்டு மின்சாரத்தோட ஒரு முனை பூமியோட இணைஞ்சிருக்கு. நாம தரையில நின்னு இன்னொரு முனையைத் தொட்டதும் சுற்று முழுமையாகுது. எலெக்ட்ரிக் கார் அப்படி இல்ல. பெரிய பேட்டரியோட பிளஸ், மைனஸ் ரெண்டுமே வண்டியோட பாடியில சேராம தனியா இருக்கும். சாதாரண கார்ல 12 வோல்ட் பேட்டரியோட மைனஸ் பாடியில இருக்குமே, அந்த மாதிரி கிடையாது. அதனால ஈரமான பாடியைத் தொட்டதுக்காக ஷாக் அடிக்காது.

அதுக்கு மேல ஒரு காவலும் இருக்கு. பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவுல கசிவு இருக்கான்னு வண்டி தானே அளந்து பார்த்துக்கிட்டே இருக்கும். நம்ம நாட்டுல இந்த வண்டிகளுக்கான தரவிதி ஏ.ஐ.எஸ். 038. பேட்டரி பக்கத்து நேர் மின்னோட்டச் சுற்றுல ஒவ்வொரு வோல்ட்டுக்கும் குறைஞ்சது 100 ஓம் தடை இருக்கணும்ங்கறது இதுல அடிப்படைக் கணக்கு. பல கார்கள்ல பேட்டரி 300லிருந்து 400 வோல்ட் வரை இருக்கும். 400 வோல்ட்னா 40,000 ஓம். தடை குறைஞ்சுடுச்சுன்னா வண்டி எச்சரிக்கை காட்டும். பெரிய கோளாறுன்னா பேட்டரிக்குள்ள இருக்கிற கான்டாக்டர் திறந்து இணைப்பு அறுந்துடும். ஆக, முழுசா இருக்கிற, வார்னிங் லைட் எதுவும் எரியாத வண்டியைக் கழுவினா ஷாக் அடிக்கும்னு பயப்பட வேண்டாம்.

ஆனா அடிபட்ட வண்டி, அடியில பேட்டரி பெட்டி நசுங்கின வண்டி, ஆரஞ்சு கலர் கேபிள் வெளியே தெரியற வண்டி, இதையெல்லாம் எடுக்காதீங்க. ஆரஞ்சு கேபிள்னா உயர் மின்னழுத்தம்னு அர்த்தம். அது சர்வீஸ் சென்டர் வேலை, நம்ம வேலை இல்ல.

அடுத்தது தண்ணி. இங்கதான் நிறைய பேருக்கு ஒரு குழப்பம்.

"பேட்டரி ஐ.பி. 67, தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாது, எப்படி வேணா அடிங்க"ன்னு வண்டிக்காரங்க சொல்லுவாங்க. 2020 ஜனவரில வந்த டாட்டா நெக்ஸான் இ.வி.யிலேயே பேட்டரிக்கு ஐ.பி. 67 தரம் உண்டு. அந்த நம்பருக்கு என்ன அர்த்தம்? 6ங்கறது தூசி உள்ள போகாதுன்னு. 7ங்கறது 1 மீட்டர் ஆழத் தண்ணியில 30 நிமிஷம் வச்சாலும் பாதிக்கிற அளவு தண்ணி உள்ள போகாதுன்னு. அவ்வளவுதான். பீய்ச்சி அடிக்கிற தண்ணிக்கு 5, 6ன்னு தனிச் சோதனை இருக்கு. 7 வாங்கினா 6ம் வாங்கின மாதிரின்னு அந்த விதியில இல்ல. ரெண்டும் வேணும்னா ரெண்டையும் தனித்தனியா சோதிச்சு, ரெண்டு நம்பரையும் போடணும்.

ஏன் அப்படின்னா கணக்கு இதுதான். 1 மீட்டர் ஆழத்துல தண்ணியோட அழுத்தம் நம்ம மீட்டர் கணக்குல ஒரு கிலோவுல பத்துல ஒரு பங்கு. நம்ம கடை பம்புல மீட்டர் முள்ளு எங்க நிக்குதுன்னு பாருங்க. பத்து கிலோ, இருபது கிலோன்னு நிக்கும். கன்னை அரை அடி தூரத்துல வச்சு ஒரு ரப்பர் சீல் மேல, ஒரு கனெக்டர் மேல அடிச்சா, அந்தச் சோதனைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இந்த மாதிரி உயர் அழுத்தத்துக்குன்னே 9கேன்னு ஒரு தரம் இருக்கு. 80 டிகிரி சூட்டுத் தண்ணியை 80லிருந்து 100 கிலோ அழுத்தத்துல, 10லிருந்து 15 சென்டிமீட்டர் தூரத்துல இருந்து அடிச்சுப் பார்ப்பாங்க. 67ன்னு மட்டும் போட்டிருந்தா இந்தச் சோதனை நடந்ததுன்னு எடுத்துக்க முடியாது.

நல்ல சேதி என்னன்னா, தண்ணி கன்னை விட்டு வெளிய வந்ததும் விரிஞ்சு வேகம் குறைஞ்சுடும். ரெண்டு அடி தள்ளி நின்னு, விசிறி மாதிரி விரிச்சு அடிச்சா பாடிக்கும் சக்கரத்துக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. அடிப்பக்கம் சேத்தை எடுக்கும்போது ஒரே இடத்துல நிறுத்தி அடிக்காம ஓட்டிக்கிட்டே போங்க.

மூணு இடத்துல மட்டும் கன்னைக் காட்டக் கூடாது.

ஒண்ணு, சார்ஜிங் மூடி. நெக்ஸான்ல பெட்ரோல் மூடி மாதிரி பின்பக்கம் இருக்கும். கிரெட்டா எலெக்ட்ரிக்ல மூக்குலயே, முன்னாடி இருக்கும். கழுவறதுக்கு முன்னாடி மூடி சரியா மூடியிருக்கான்னு கையால அழுத்திப் பாருங்க. வண்டியை லாக் பண்ணிட்டா பல மாடல்ல மூடியும் லாக் ஆயிடும். சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கும்போது கழுவவே கூடாது. கழுவி முடிச்சதும் உடனே சார்ஜ் போட வேண்டியிருந்தா, மூடியைத் திறந்து உள்ள ஈரம் இல்லைன்னு பார்த்துட்டுப் போடச் சொல்லுங்க.

ரெண்டு, பானெட்டுக்குள்ள. பெட்ரோல், டீசல் வண்டியில "இன்ஜினைக் கழுவிடுப்பா"ன்னு கேட்டுப் பழகிட்டாங்க. இதுல கழுவறதுக்கு இன்ஜினே இல்ல. உள்ள இருக்கிறது இன்வெர்ட்டர், 12 வோல்ட் பேட்டரி, ஃபியூஸ் பெட்டி, கனெக்டர்கள். ஈரத்துணியைப் பிழிஞ்சு துடைச்சா போதும். அந்தச் சின்ன 12 வோல்ட் சுற்றுல தண்ணி போனாலே வண்டி ஸ்டார்ட் ஆகாது. பெரிய பேட்டரி நல்லாத்தான் இருக்கும், ஆனா வண்டி கடையிலயே நிக்கும்.

மூணு, அடியில தெரியற கேபிள் மூட்டுகள், பேட்டரி பெட்டியோட ஓரம்.

இப்ப சொல்லப் போறதுதான் முக்கியம். என்னைக் கேட்டா தண்ணியை விடப் பெரிய ஆபத்து லிஃப்ட்தான்.

டயர் ஏறி நிக்கிற மாதிரி ரெண்டு தட்டு வச்ச லிஃப்ட், சிமென்ட் ராம்ப், குழி, இது எதுவா இருந்தாலும் கவலை இல்ல. ஆனா நடுவுல ஒரே தூண் எழும்பி, வண்டியோட வயித்துல முட்டுக் கொடுத்துத் தூக்கற லிஃப்ட் நிறைய கடையில இருக்கு. பெட்ரோல் வண்டியில அந்த இடத்துல இரும்புச் சட்டம் இருக்கும், தாங்கும். எலெக்ட்ரிக் கார்ல வயிறு முழுக்கப் பேட்டரி. அதே மாடல் பெட்ரோல் வண்டியை விட எடையும் ஒரு 200 கிலோ, அதுக்கு மேலயும் கூட இருக்கும். அந்த எடை மொத்தமும் பேட்டரி பெட்டியோட அடித்தகட்டுல இறங்கினா தகடு உள்வாங்கும், சீல் விலகும். அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. அடுத்த மழையில ஈரம் உள்ள போய் வார்னிங் வரும்போதுதான் தெரியும். வண்டியிலயே விலை கூடின பாகம் அதுதான். பல கம்பெனி 8 வருஷம், 1,60,000 கிலோமீட்டர்னு வாரன்டி கொடுக்குது. ஆனா வெளியில இருந்து பட்ட அடி பொதுவா வாரன்டியில வராது. அதனால இந்த வகை லிஃப்ட்ல ஏத்தாதீங்க. தூக்கியே ஆகணும்னா, வண்டியோட மேனுவல்ல குறிச்ச ஜாக் பாயின்ட், அதாவது கதவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் இருக்கிற இடம், அங்க மட்டும்தான் முட்டுக் கொடுக்கணும்.

சரி, சென்னைக்குப் போறவங்க தானியங்கி கார் வாஷ்ல விட்டா? அதுலயும் பேட்டரி பிரச்சினை இல்ல. பிரச்சினை எல்லாம் வண்டியோட புத்திசாலித்தனத்தால வர்றது.

இந்த மெஷின்ல ரெண்டு வகை. வண்டி நிக்கும், பிரஷ் நகரும்ங்கறது ஒண்ணு. அதுக்குப் பார்க்கிங்ல போட்டு, ஆஃப் பண்ணி, லாக் பண்ணினா முடிஞ்சது. இன்னொண்ணு வண்டியைச் சங்கிலி இழுத்துக்கிட்டுப் போற வகை. அதுக்கு நியூட்ரல் வேணும். இங்கதான் சிக்கல். பல எலெக்ட்ரிக் கார்ல டிரைவர் சீட்டை விட்டு எழுந்தாலோ, ஆஃப் பண்ணினாலோ தானே பார்க்கிங்குக்குப் போய் சக்கரம் பூட்டிக்கும். சங்கிலி இழுக்கும், வண்டி நகராது. டெஸ்லாவுல இதுக்குன்னே கார் வாஷ் மோடுன்னு ஒண்ணு கொடுத்திருக்காங்க. கண்ணாடி மூடும், சார்ஜிங் மூடி பூட்டிக்கும், வைப்பர் நிக்கும். நியூட்ரல்லயே உருள விடறதுக்கும் அதுலயே வசதி உண்டு. நம்ம ஊர் வண்டியில அது இல்லைன்னா நாமளே ஒவ்வொண்ணா செய்யணும்: ஆட்டோ ஹோல்ட் ஆஃப், தானா வேலை செய்யற வைப்பர் ஆஃப், கண்ணாடியை மடக்கு, முன்னாடி ஏதாவது வந்தா தானே பிரேக் போடற வசதி இருந்தா அதையும் ஆஃப். நியூட்ரல்ல போட்டுட்டு சீட்லயே உட்காருங்க.

சாவி விஷயம் ஒண்ணு. டாட்டா கர்வ் இ.வி., எம்.ஜி. விண்ட்சர், மஹிந்திரா பி.இ. 6 மாதிரி வண்டியில கதவுப் பிடி உள்ளே அமுங்கி இருக்கும். சாவியோட கிட்டப் போனா வெளிய நீட்டிக்கிற வண்டிகள் உண்டு. நீட்டின பிடியில பிரஷ் சிக்கினா ரெண்டுக்கும் சேதம். சாவியை வச்சுக்கிட்டு வண்டியைச் சுத்தி நடக்காதீங்க. கையால கழுவற கடையிலயும் சாவியைத் தள்ளி ஆணியில மாட்டிடுங்க.

கழுவி முடிச்சதும் ஒரு வேலை பாக்கி இருக்கு. எலெக்ட்ரிக் கார்ல வேகம் குறைக்கிறது பெரும்பாலும் மோட்டார்தான். பிரேக் டிஸ்குக்கு வேலை கம்மி. ஈரத்தோட அப்படியே நிறுத்தினா டிஸ்க் துருப் பிடிக்கும். அதனால வெளிய எடுத்ததும் காலியான ரோட்டுல மெதுவா போய் நாலஞ்சு தடவை பிரேக்கை அழுத்திட்டு நிறுத்தச் சொல்லுங்க. டிஸ்க் காய்ஞ்சுடும்.

கடைசியா, டீசல் ஸ்பிரே. வாட்டர் வாஷ் முடிச்சு அடியில டீசலோ பழைய ஆயிலோ அடிச்சு விடறது ரொம்ப நாள் பழக்கம். துரு பிடிக்காது, பளபளன்னு இருக்கும்னு அடிக்கிறோம். எலெக்ட்ரிக் கார்ல இது வேண்டவே வேண்டாம். டீசல் பட்டா பல வகை ரப்பர் ஊதிப் போகும். பேட்டரி பெட்டியும் கனெக்டரும் தண்ணி புகாம இருக்கிறதே அந்த மாதிரி சீல்களை நம்பித்தான். அதுவும் இல்லாம அந்த டீசல் எங்க போகுது? கடை வாசல் கால்வாய்க்கு. கால்வாய் எங்க போகுது? ஏதோ ஒரு ஏரிக்கு. நம்ம ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கே, 919லயும் 921லயும் வெட்டினது, அதுலயே ஏரி வாரியம்னு தனியா ஒரு குழு இருக்கு. ஏரியைப் பார்த்துக்கிறதை ஊர் பொறுப்பா வச்சிருந்த ஊர் இது. ஸ்பிரே அடிக்காம விட்டா வண்டிக்கும் நல்லது, ஏரிக்கும் நல்லது, டீசல் காசும் மிச்சம்.

மொத்தமா சொன்னா: பச்சை பிளேட் வண்டியைத் திருப்பி அனுப்பாதீங்க. தள்ளி நின்னு அடிங்க, பானெட்டைத் துணியால துடைங்க, சார்ஜிங் மூடியைப் பாருங்க, வயித்துல முட்டுக் கொடுத்துத் தூக்காதீங்க. வண்டியை எடுக்கும்போதே டேஷ்போர்டுல வார்னிங் லைட் இருக்கான்னு ஓனரை வச்சுக்கிட்டே பார்த்து, போன்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க. அப்புறம் யாரும் உங்க மேல பழி போட முடியாது.

இதை உங்க ஊர் வாட்டர் வாஷ் கடைக்காரருக்கும் அனுப்பி வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.