மின்சார வண்டியும் நமது வன்னியும்
(இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அன்றுமுதல் “பெற்றோல் வண்டியா, மின்சார வண்டியா?” என்னும் கேள்வி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வீடுகளிலும் எழுந்துள்ளது. மகன் ஒன்று சொல்கிறான். தகப்பனார் வேறொன்று சொல்கிறார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. நடுநிலையில் நின்று ஆராய்வோம்.

எரிபொருளின் அருமையை வன்னி மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பொருளாதாரத் தடை நிலவிய 1990களில், சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நம்மவர்கள். 2022இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். ஆகவே, கூரைமேல் விழும் வெயிலிலிருந்தே வண்டிக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறலாம் என்றால், இளைஞர் உள்ளம் அதனை நாடுவது இயல்பே.

இனி, மறுப்புகளைக் காண்போம். “பனிக்காலத்தில் பற்றறி படுத்துவிடும்” என்று கனடாவிலும் நோர்வேயிலும் உள்ள நம் உறவினர் சிலர் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. குளிரில் பற்றறிக்குள் நிகழும் இரசாயன வினை மந்தமாகும். மின்னேற்றவும் நேரம் கூடும். பெற்றோல் எஞ்சினோ தான் எரிக்கும் எண்ணெயின் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குவது. குளிர் நாட்டில் அந்த வீண் வெப்பமே காருக்குள் இருப்பவர்க்குக் கணப்பாகிறது. மின்சாரக் காரில் அவ்வளவு வீண் வெப்பம் இல்லை. பற்றறியிலிருந்தே கணப்புக்கும் மின்சாரம் எடுப்பதால், ஓடும் தூரம் குறைகிறது. ஆயினும் அதே நோர்வேயில் 2024இல் விற்ற புதிய கார்கள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது மின்சாரக் கார்களே! உறைபனிக் காலையில் தடித்த எண்ணெயோடு முரண்டுபிடிக்கும் பெற்றோல் எஞ்சினின் தொல்லை அவற்றுக்கு இல்லை.

வன்னிக்குப் பனி இல்லை, நமக்குரியது வெயில். கடும் வெப்பம் பற்றறியின் ஆயுளைக் குறைக்கும். ஆதலால் வண்டியை மரநிழலிலோ கொட்டிலிலோ நிறுத்துதல் நலம்.

பெரியோர் அஞ்சுவது தீயை. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. 2022 மார்ச்சில் தமிழ்நாட்டு வேலூரில், வீட்டில் இரவு மின்னேற்ற வைத்திருந்த ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் மாண்டனர். அவ்வாண்டு இத்தகைய விபத்துகள் பல நேர்ந்தமையால், இந்திய அரசாங்கம் பற்றறிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. மறுபுறம், வண்டிகளின் தொகையோடு ஒப்பிட்டால் மின்சாரக் கார்கள் பெற்றோல் கார்களைவிடக் குறைவாகவே தீப்பற்றுகின்றன என்று நோர்வே, சுவீடன் நாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. ஆனால் பற்றி எரிந்தால் அணைப்பது கடினம், அணைந்தது போலிருந்து மீண்டும் மூளும், புகையும் நஞ்சு.

எனவே, வாங்குவோர் கைக்கொள்ள வேண்டியவை சில:

வண்டியோடு வந்த சார்ஜரையன்றி வேறொன்றைப் பயன்படுத்தற்க. படுக்கையறையிலும், வெளியேறும் ஒரே வாசலிலும் மின்னேற்றற்க. மெல்லிய நீட்டு வயரை நம்பற்க. வெயிலில் ஓடி வந்த வண்டியைச் சற்று ஆறவிட்டே மின்னேற்றுக. எர்த் வயரும் ரிப் சுவிச்சும் சரியாக உள்ளனவா என்று தேர்ந்த மின்வினைஞரைக் கொண்டு பார்ப்பிக்க. 2018 டிசம்பரில் இரணைமடுப் பக்கம் கண்டது போன்ற வெள்ளம் வந்து வண்டி மூழ்கினால், தண்ணீர் வடிந்தவுடன் மின்னேற்ற முயலற்க. அறிந்தவர் சோதித்த பின்னரே தொடுக. தீப்பற்றினால் வண்டியை மறந்து, முதலில் மனிதரை வெளியேற்றுக.

பெற்றோலும் ஆபத்தற்றதன்று. வீட்டுக்குள் கானில் நிரப்பி வைத்த பெற்றோல், அடுப்புக்கு அருகே வைத்த வெடிமருந்துக்கு ஒப்பாகும். பழகிய ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை; புதிய ஆபத்து பெரிதாய்த் தெரிகிறது. அவ்வளவே வேற்றுமை.

இளைஞர்களே! மின்வேலை கற்றவர்கள் நம் மன்றத்தில் இருக்கிறீர்கள். ஊரில் மின்சார வண்டி வாங்கும் வீடுதோறும் சென்று, வயறிங்கைப் பார்த்துக் கொடுப்பதை இவ்வாண்டின் தொண்டாக மேற்கொள்வோமாக. பெரியோர்களே! பிள்ளைகள் புதியதை நாடும்போது தடுக்காமல், தக்க கேள்விகளைக் கேளுங்கள். துணிவும் எச்சரிக்கையும் ஒரே வீட்டில் வாழுமாயின், எவ்வண்டி ஏறினும் பயணம் நலமாய் முடியும்.